சக்கரம் வைத்த வீடு

மனைவியின் சபதத்தை மோட்டார் வைத்து உடைப்பது என்று 1936-ம் வருஷம் தை மாதம் நான் தீர்மானித்தேன். அன்றைக்கே யாராவது என்னைப் பிடித்துக் கட்டிப் போட்டிருக்கலாம். சேலத்தில் எனக்கு அவ்வளவு நல்ல நண்பர்கள் இல்லை.

சபதத்தின் கதை இது. எட்டு வருஷத்துக்கு முன் நாமக்கல்லில் என் அக்கா பெருமாயி வீட்டில் விருந்து. எல்லோருக்கும் நெல்லுச்சோறு போட்டாள். கடைசி இலையில் என் மனைவி முத்தாயம்மாள். அதற்குள் பானை காலி. அக்கா வேலையாட்களுக்குக் கிண்டிய ராகிக் களியைக் கொண்டுவந்து வைத்தாள்.

"உங்கக்கா ஊட்டு வாசப்படிய இனி மிதிக்க மாட்டேன். அங்க சோத்துல கை நனைக்கவும் மாட்டேன்" என்று எழுந்து வந்தவள்தான். சர்க்காரும் காங்கிரசும்கூட நடுவில் ஒரு தடவை ராஜியானார்கள். முத்தாயம்மாள் ஆகவில்லை.

இப்போது அக்கா மகள் சின்னாயிக்குக் கல்யாணம். ஒரே தாய்மாமன் நான். நான் மாலை போட்டுத்தான் பெண் மணவறைக்கு வரவேண்டும். அக்கா ஆள் விட்டுச் சொல்லியனுப்பினாள்: "வந்தாப் பொண்டாட்டியோட வரச் சொல்லு. ஒத்தையா வந்து நாலு பேரு முன்னால என்னத் தலகுனிய வெக்க வேண்டாம்."

எனக்கு மோட்டார் பட்டறை. யாரோ கழித்துப் போட்ட பழைய பஸ் ஒன்று பட்டறையில் கிடந்தது. சீட்டுகளைப் பிடுங்கினேன். கட்டில் போட்டேன். கரி அடுப்பு வைத்தேன். நல்ல நாள் பார்த்துப் பாலும் காய்ச்சினேன்.

"முத்தாயா, இது யாரு ஊடு?"

"நம்மூடுங்க."

"இத அக்கா ஊட்டு முன்னால நிறுத்தறேன். நீ எறங்க வேண்டாம். நம்மூட்டுச் சோத்தையே தின்னு. ஜன்னல்ல இருந்தே அரிசி போடு. சபதம் கெடுமா?"

கொஞ்சம் யோசித்தாள். "கெடாதுங்களே. வாரேன்" என்றாள்.

இவ்வளவு சுலபமாக அவள் ஒத்துக்கொண்டபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். நான் சீட்டி அடித்தேன்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு முகூர்த்தம். வியாழக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். கட்டை வண்டியில் போயிருந்தால்கூட நேரத்துக்குச் சேர்ந்திருக்கலாம்.

மல்லூர் வந்தது.

"ஏனுங்க, எங்கண்ணன ஒரு எட்டுப் பாத்துட்டுப் போலாமுங்க."

"எறங்குனாக் கை நனைக்காம உட மாட்டாங்க. நேரமாயிரும். எறங்காமப் பாரு."

"நீங்க சொன்னாச் சரிதானுங்க."

அவள் இறங்கவில்லை. அவர்கள் ஏறினார்கள். அண்ணன் சென்றாயன், அவன் பெண்டாட்டி, ஆறு பிள்ளைகள், பிறகு அந்தத் தெருவே.

"போலாம் புள்ள."

"நம்மூடுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க? ஊட்டுக்கு வந்தவங்களக் கை நனைக்காம அனுப்பறதுங்களா?"

அடுப்பு பற்றியது. அடுப்பு எரிகிறபோது வண்டியை எடுத்தால் குழம்பு என் முதுகில்தான் கொதிக்கும். உட்கார்ந்திருந்தேன். எல்லோருக்கும் நெல்லுச்சோறு. ஒவ்வொரு இலைக்கும் குனிந்து, "எங்கூட்ல யாருக்கும் களி வெக்கிறதில்லீங்க" என்று சொல்லிச் சொல்லிப் போட்டாள்.

ராசிபுரம் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. அங்கே அவள் சின்னம்மா குப்பாயி. அன்று வந்தவர்கள் பாதிப்பேர்தான்; அவர்கள் சாப்பிட்டு முடிக்கவே நடுராத்திரி ஆகி, அங்கேயே தங்கினோம். மீதிப்பேர் வெள்ளிக்கிழமை விடியும்போதே சொம்பும் கையுமாக வந்து நின்றார்கள். அடுப்பு மறுபடி பற்றியது.

"இத்தன பேருக்கும் நாம வாரது எப்படித் தெரியும்?" என்று கத்தினேன்.

"போன வாரமே சொல்லி உட்டிருந்தேனுங்க" என்றாள், கரியை விசிறிக்கொண்டே.

நாமக்கல் சேரும்போது மணி பதினொன்று. பந்தலில் மேளக்காரர்கள் தவிலை உறைக்குள் போட்டுக்கொண்டிருந்தார்கள். என் பெரியப்பா மகன் மயில்சாமி மாமனாக நின்று மாலை போட்டுவிட்டானாம். சின்னாயி தாலியோடு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தாள். தலையைத் திருப்பிக்கொண்டாள். அவளை நான் தோளில் தூக்கிக்கொண்டு தேர் காட்டியிருக்கிறேன். அழுகை வந்தது. ஊர் பார்க்கிறதே என்று அடக்கிக்கொண்டேன்.

வாசற்படிக்குப் போனேன். அக்கா நின்றாள். கண் சிவந்திருந்தது.

"அக்கா, வழியில வண்டி..."

"வண்டியா? ஊடுன்னல்ல சொன்னாங்க? ஊட்டோட வந்தவனுக்கு எங்கூட்டுச் சோறு எதுக்குச் சாமி? உங்கூட்லயே போயிச் சாப்புடு."

கதவைச் சாத்தியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். திறந்தே விட்டுவிட்டு உள்ளே போனாள். அந்தப் படியைத் தாண்ட எனக்குக் கால் வரவில்லை.

திரும்பி வந்து பஸ்ஸில் ஏறினேன். முத்தாயம்மாள் கட்டிலில் காலை நீட்டி வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். சோற்றுப் பானை கழுவிக் கவிழ்த்திருந்தது.

"சபதம் கெடலீங்க" என்றாள்.

சண்டை போட எனக்குத் தெம்பில்லை. நேற்றிலிருந்து ஊருக்கெல்லாம் பந்தி நடந்ததில் நான் பச்சைத் தண்ணீர்தான் குடித்திருந்தேன். இலையை எடுத்து நானே போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

"சோத்தப் போடு."

"நெல்லுச்சோறு தீந்து போச்சுங்களே" என்றாள் முத்தாயம்மாள். "உங்களுக்குன்னு களி வெச்சிருக்கறேனுங்க."