முட்டிக்குப் போட்ட கீல்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் பற்கள் கொட்டிப் போகட்டும். இன்னும் மூன்று இருக்கின்றன.

1981. திருமங்கலம் காசிமாயனைக் கபடியில் யாராவது அமுக்கிப் பிடித்தால், அவனது வலது முட்டி மடங்க வேண்டிய பக்கத்துக்கு நேர் எதிராக வளைந்துவிடும். இரண்டு முறை வளைந்தாயிற்று. ஒருநாள் சாயங்காலம் நாகமலை புதுக்கோட்டையில் ஆட்டம். மில் ஆபீசர் ஒருவர், ஒரே ஓர் ஆட்டக்காரனை வேலைக்குப் பொறுக்கி எடுக்க வருகிறார்.

அன்று விடிந்ததுமே காசிமாயன் கப்பலூர் பட்டறைக்கு ஓடினான். அங்கே முத்திருளன் இருபது வருடமாக இரும்புக் கதவு மட்டுமே செய்பவர்.

"முட்டியும் கதவுதான் மாப்ள. ஒரு பக்கந்தான் தெறக்கணும். அம்புட்டுத்தானே?"

தோல் வாரில் இரண்டு கீல்களை அடித்து மாட்டிவிட்டார்.

"யோவ் மாமா, முன்பக்கமால்ல தெறக்குது!"

"கேட்டுக் கதவு செஞ்ச பழக்கம். இரு, திருப்புறேன்."

திருப்பினார். நடந்தால் கிரீச்சென்றது. பட்டறை நாய் எழுந்து போய்விட்டது.

"எதிராளி கண்ண மூடிட்டே பிடிச்சிருவான் மாமா!"

கை நிறைய கிரீஸ் அப்பினார். இப்போது கால் தானாகவே ஆடியது. நிறுத்த ஒரு தாழ்ப்பாளும் வைத்தார்.

"ஆடும்போது தெறந்துக்க. மத்த நேரம் பூட்டிக்க."

பூட்டிய கால் பஸ்ஸில் வழியை மறித்தது.

"கால மடக்குய்யா!" என்றார் கண்டக்டர்.

"தாழ்ப்பாப் போட்டிருக்குண்ணே. படிக்கட்டுப் பக்கம் நீட்டிக்கிறேன்."

மைதானத்தில், இரும்பு தெரிந்தால் நடுவர் விரட்டுவாரே என்று மேலே துணியைச் சுற்றிக் கட்டினான்.

முதல் தடவை பாடிப் போனதுமே எதிரணியின் ஏழு பேரும் பாய்ந்தார்கள். உள்ளே 'டக்'. தாழ்ப்பாள் தானாக விழுந்துவிட்டது. அவன் தந்திக்கம்பமாக நின்றான்.

"தள்ளுங்கடா!"

"எங்க தள்ள? ஊனி வச்ச மாதிரி நிக்கிறான்!"

மூச்சு விடாமல் நாலு நிமிடம் "கபடி கபடி" என்றான். பிறகு ஒற்றைக் காலில் தத்தித் தத்தி, ஏழு பேரையும் இழுத்துக்கொண்டு கோட்டைத் தொட்டான். ஏழும் அவுட். முட்டி இம்மியும் வளையவில்லை.

ஆபீசர் எழுந்தார். கட்டுப்போட்ட காலையே பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏதோ எழுதினார். அவருடைய பியூன் சோணை ஓடி வந்தார்.

"வேலை உனக்குத்தாம்ப்பா! ஆனா ஆட்டக்காரன் எடத்துல இல்ல, ஊனமுற்றோர் எடத்துல. ரிட்டயராகுற வரைக்கும் அந்தக் கால மடக்கிராத!"