ஏழாம் எண் எச்சில்

மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை. மேடையில் மூளை ஞானி. தூங்கும் மூளை வளர்ச்சி மரபணுவைத் தட்டி எழுப்புகிறாராம்! எச்சில் தொட்ட பஞ்சை நீல விளக்குப் பெட்டிக்குள் வைப்பார், கண்ணை மூடுவார், குழந்தையின் தலைக்குள் நடப்பதையெல்லாம் புட்டுப்புட்டு வைப்பார். பெற்றோர் படிவத்தில் எழுதிக் கொடுத்ததைத்தான் திருப்பிச் சொல்கிறார் என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை. பக்தி வந்துவிட்டால் படிவம் எங்கே நினைவிருக்கிறது?

அக்காவுக்குத் துணையாக வந்திருந்த தங்கைக்கு உறைத்தது. பத்து வருடமாக ஆய்வுக்கூடத்தில் எலி மூளையைக் காகிதத்தைவிட மெல்லிசாகச் சீவுகிறவள் அவள். வீட்டில் வெங்காயம்தான் ஒழுங்காக நறுக்க வராது.

"அக்கா, மரபணு உடம்பு பூரா இருக்கு. மூளையில அது எப்போ, எவ்வளவு வேலை செய்யுதுன்னு எச்சில்ல எப்படித் தெரியும்? நாங்க மூளையையே சீவிப் பாத்துட்டு முழிக்கிறோம்!"

"நீ எலிக்குப் பாக்குற. அவர் மனுஷங்களுக்குப் பாக்குறார்டி."

அக்கா மகளுக்கு மூன்றரை வயது. வாயில் நாலே சொல். அந்த நாலும் பேச்சுப் பயிற்சியில் வந்தவை. பயிற்சி மரபணுவைக் கலைத்துவிடும், நிறுத்து என்பது ஞானியின் உத்தரவு. திங்கட்கிழமை முதல் அக்கா நிறுத்தப்போகிறாள்.

தங்கை விடவில்லை. "சரி, எங்க ஆய்வுக்கூடத்து வழக்கப்படி ஒரே ஒரு தடவை சோதிச்சுப் பாப்போம். பஞ்சுல பேர் கிடையாது, வெறும் நம்பர்தான். யாருதுன்னு பாக்குறவருக்குத் தெரியக்கூடாது. வரிசையில நம்ம நம்பர் ஏழு. அந்தப் பஞ்சு யாரோடதுன்னு நீயே முடிவு பண்ணு."

ஞானி குடித்த டம்ளரைக் கழுவும் பாக்கியம் அன்று அக்காவுக்குக் கிடைத்திருந்தது. முகம் மலர்ந்தது. "அவரோடதையே வைக்கிறேன். அந்த மூளை எப்படி ஜொலிக்குதுன்னு பாத்துட்டு வாயை மூடிக்கோ." இன்னும் கழுவாத டம்ளரின் விளிம்பைத் தானே பஞ்சால் துடைத்து, தன் கையாலேயே ஏழு என்று எழுதினாள்.

மேடையில் ஞானி பஞ்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பேர் எங்கே? படிவம் எங்கே?"

"உங்களுக்கு எதுக்கு சாமி அதெல்லாம்?" என்றாள் தங்கை, பயபக்தியோடு. கூட்டமும் ஆமாம் போட்டது.

ஞானிக்கு வேறு வழியில்லை. கண்ணை மூடினார். "ஐயோ பாவம்! மரபணு குறட்டை விட்டுத் தூங்குது. தலைக்குள்ள வெறும் களிமண். எழுப்பவே ஒரு வருஷம் ஆகும்."

மண்டபம் உச்சுக்கொட்டியது. அக்கா டம்ளரைத் தூக்கிப் பிடித்து அலறினாள்: "சாமி! அது உங்க எச்சில்!"

முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார். பிறகு மண்டபமே சிரித்தது. ஞானி விளக்கைக்கூட அணைக்காமல் பின்வாசல் வழியாக நழுவிவிட்டார்.

திங்கட்கிழமை குழந்தை பயிற்சிக்குப் போனாள். அந்த மாதமே ஐந்தாவது சொல் வந்தது: "ஏன்?"

பதில் சொல்லியே அக்காவுக்குத் தொண்டை வறண்டது. வறளட்டும். மூன்றரை வயதில் வந்த அந்த ஒரு சொல் நம் வாயிலும் வந்திருந்தால், மூளையை எழுப்பித் தரச் சொல்லி வரிசையில் நின்றிருப்போமா?