ஓடக்கூடாத கார்

அரங்கநாதன் தம் ஐம்பதாவது வயதில், முதல்முறையாக, மனைவியை ஏமாற்றுவது என்று தீர்மானம் செய்தார். தீர்மானத்தில் தவறு ஒன்றும் இல்லை. தேர்ந்தெடுத்த ஆள்தான் தவறு.

காரணம் விழுப்புரத்தில் இருந்தது. பெயர் விருத்தாசலம், மனைவி கிருஷ்ணவேணியின் அண்ணன். ரிட்டயரானதிலிருந்து சுயசரிதை எழுதிக்கொண்டிருந்தார். எட்டு நோட்டு முடிந்துவிட்டது. கதையில் அவருக்கு இன்னும் ஐந்து வயது முடியவில்லை. ஞாயிறு தோறும் தங்கையும் மாப்பிள்ளையும் திண்டிவனத்திலிருந்து வர வேண்டும், சாப்பிட வேண்டும், பிறகு மாப்பிள்ளை உட்கார்ந்து கேட்க வேண்டும். மாப்பிள்ளைக்குக் கண் செருகினால் அந்தப் பக்கத்தை மறுபடி முதலிலிருந்து படிப்பார். ஆறு நாள் பாத்திரக்கடையில் எவர்சில்வர் சத்தத்தில் காது அடைத்துப்போகிற அரங்கநாதனுக்கு, ஏழாம் நாள் மதியம் ஒரு தூக்கம் வேண்டும். அவர் உலகத்திடம் கேட்டது அவ்வளவுதான்.

1984 சித்திரையில் அதற்கு ஒரு வழி பிறந்தது. மெக்கானிக் இப்ராஹிம் ஷா அவருடைய பழைய அம்பாசடரின் பானெட்டைத் தூக்கி, உள்ளே விரலை நீட்டினார்.

"முதலாளி, பாருங்க. பம்புக்குப் பெட்ரோல் போற ஹோஸு. வெடிச்சு மல்லாக்கொட்டைத் தோலாட்டம் கெடக்குது. சூடேறிச்சுன்னா காத்தை இழுக்கும். பத்து மைல் ஓடும், அப்பால நின்னுடும்."

"அப்புறம்?"

"ஆறினா கெளம்பும். ரெண்டு ஹோஸு, நாலு கிளிப்பு, ஜல்தியா மாத்திடறேன். விட்டா பெட்ரோல் சொட்டித் தீப்புடிச்சுக்கும். பேஜாராப் பூடும்."

"பத்து மைல்ல நின்னுடும்னு நல்லாத் தெரியுமா?"

"நிக்காம எங்க போவும்?"

"அப்ப மாத்த வேணாம் பாய்."

இப்ராஹிம் ஷா முப்பது வருஷமாகப் பல கிராக்கிகளைப் பார்த்தவர். ஒழுகுகிற வண்டியை ஆசையாகத் தட்டிக்கொடுத்து ஓட்டிக்கொண்டு போன கிராக்கியை அன்றைக்குத்தான் பார்த்தார்.

அரங்கநாதன் வீட்டுக்கு வந்து, "வேணி, புது ஹோஸ் போட்டாச்சு, இனிமே குதிரைதான்" என்றார். அந்த ஞாயிறு குதிரை கூட்டேரிப்பட்டைத் தாண்டியது. இரண்டு முறை இருமியது. ஒரு பனந்தோப்பின் ஓரத்தில் நின்றது.

உச்சிவேளை. ரோட்டில் ஒரு ஈ காக்கை இல்லை. காற்றே இல்லாத வெயிலில் மேலே காய்ந்த பனையோலைகள் மட்டும் சலசலவென்று உரசிக்கொண்டிருந்தன. தோப்புக்குள் கூரை போன ஒரு செங்கல் கட்டடம், வாசல் மட்டும் கறுப்பாகத் திறந்திருந்தது. பொய் சொல்ல இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று அரங்கநாதன் நினைத்தார்.

"வேணி, சொல்லக்கூடாதுன்னு இருந்தேன். இந்த வண்டி யாருது?"

"விழுப்புரத்து சர்வேயர் ஐயாவுது. செத்துட்டாரு, அவரு மவன் வித்தான்."

"எங்க செத்தாரு தெரியுமா?"

சர்வேயர் எண்பத்தோரு வயதில், சொந்தக் கட்டிலில், பால் குடித்துவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அரங்கநாதன் அவரைக் கட்டிலோடு தூக்கி வந்து காரின் பின்சீட்டில் போட்டார்.

"இந்தத் தோப்பை அளக்க வந்தாராம். பாதி அளந்துக்கினு இருக்கும்போதே மயக்கம். பின்சீட்லயே போயிட்டாராம். மீதிய அளக்கறதுக்குத்தான் வண்டிய இங்க நிறுத்தறாரு. அவரு அளக்கற சங்கிலி சத்தம் கேக்குது பாரு."

"எனக்கு ஒண்ணும் கேக்கலைங்க."

"ஓட்டறவனுக்குத்தான் கேக்கும்."

வண்டி ஆறியது. திண்டிவனத்துக்கே திருப்பினார். இரண்டு மணிக்குப் படுத்தவர் ஐந்தரைக்கு எழுந்தார். அப்படி ஒரு தூக்கம் தூங்கி இருபது வருஷம் ஆகியிருந்தது.

அடுத்த ஞாயிறும் நின்றது. அதற்கடுத்த ஞாயிறும் அதே இடம், அதே பனை. கிருஷ்ணவேணி அழவில்லை, புலம்பவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அவரு எந்தப் பக்கம் உக்காந்திருப்பாரு?"

"என் பின்னாடி" என்றார் யோசிக்காமல். சொன்னபின் கழுத்தின் பின்புறம் லேசாகச் சில்லிட்டது. துண்டை எடுத்துப் போர்த்திக்கொண்டார்.

நாலாவது ஞாயிறு காலை கார்க் கதவைத் திறந்தவர் அப்படியே நின்றார். பின்சீட்டில், அவர் இடத்துக்கு நேர் பின்னால், வெள்ளை வேட்டி ஒன்று விரித்திருந்தது. பக்கத்தில் தட்டில் வெற்றிலை, பாக்கு, ஒரு சொம்புத் தண்ணீர்.

"இது யாருக்கு?"

"சர்வேயர் ஐயாவுக்குத்தான். பெரிய மனுசனைக் கூட்டிக்கினு போறோம், வெறும் சீட்டுல உக்கார வெக்கலாமா?"

கிளம்பினார்கள். ஊர் எல்லை தாண்டும்போதே ஏதோ ஒன்று குறைவது அவருக்குப் புரிந்தது. காரில் எப்போதும் இருக்கிற பெட்ரோல் வாசனை இல்லை. சுண்ணாம்பும் வெற்றிலையும்தான் மணத்தன. கண்ணாடியைப் பார்த்தார். அது ரோட்டைக் காட்டவில்லை, பின்சீட்டைக் காட்டியது. வெள்ளை வேட்டியின் நடுவில், ஆள் உட்கார்ந்தாற்போல் ஒரு குழி.

"வேணி, கண்ணாடியைத் திருப்பினியா?"

"நான் ஏன் தொடப்போறேன்? ஏங்க, உங்க சீட்டைக் கொஞ்சம் முன்னால தள்ளுங்க. அவருக்குக் கால் இடிக்குதாம்."

"யாரு சொன்னது?"

"அவருதான்."

அரங்கநாதன் சீட்டைத் தள்ளினார். ஸ்டியரிங் தொப்பையில் பதிந்தது. மனசுக்குள் கணக்குப் போட்டார்: இன்னும் எட்டு மைல். வண்டி நின்றதும் இறங்கி ஓடிவிடலாம்.

கூட்டேரிப்பட்டு வந்தது, போனது. பனந்தோப்பு தெரிந்தது. இருமும், இப்போது இருமும் என்று ஒரு கையைக் கதவில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். கட்டடத்தின் கறுப்பு வாசல் வந்தது. வண்டி இருமவில்லை. வாசல் பின்னால் போயிற்று. எஞ்சின் தாலாட்டுப்போல் ஓடியது. அப்போதுதான் அவருக்குப் பின்னால், சலங், சலங் என்று இரும்புச் சங்கிலி சத்தம் கேட்டது.

ஊரில் எல்லாருக்கும் கார் நின்றால் பயம். உலகத்திலேயே கார் ஓடியதற்காக நடுங்கிய ஒரே மனிதர் அரங்கநாதன்தான். ஹோஸ் கிழிந்திருக்கிறது, ஓட முடியாது, ஆனால் ஓடுகிறது. அப்படியானால் ஓட்டுவது யார்? இதை மனைவியிடம் கேட்கவும் வழியில்லை. புது ஹோஸ் போட்டாச்சு என்று சொன்ன வாயாயிற்றே.

"நிக்கலியே" என்றார்.

"இன்னிக்கு அளக்க வேணாமாம். உங்களோடவே வர்றாராம்."

"எது வரைக்கும்?"

"அதைத்தான் நானும் கேட்டேன். சிரிக்கிறாரு."

விக்கிரவாண்டி வரை அவர் கண்ணாடியைப் பார்க்கவில்லை. அதற்குமேல் தாங்கவில்லை. "இவரை எங்கயாச்சும் எறக்கிவுட வழியிருந்தா சொல்லு வேணி" என்றார்.

"இருக்குதே. திருவாமாத்தூர் வட்டப்பாறை."

அந்தப் பக்கத்தில் பங்காளிச் சண்டை, எல்லைத் தகராறு எதுவானாலும் கோயில் வட்டப்பாறையில் கையை வைத்துச் சத்தியம் வாங்குவார்கள். பொய்ச் சத்தியம் செய்தவனைப் பாம்பு தேடி வரும், அவன் வீடு போய்ச் சேரமாட்டான் என்று நம்பிக்கை. அடாவடிக்காரர்கள்கூட அங்கே பாதி வழியில் திரும்பி வந்து சமாதானமாகப் போயிருக்கிறார்கள்.

"பாறையில கைய வெச்சு, சர்வேயர் ஆவி என் வண்டியில இருக்குதுன்னு சத்தியம் பண்ணுங்க. அங்கயே எறங்கிக்குவாராம்" என்றாள் அவள்.

நடை சாத்துகிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பாறை இருந்த இடம் குளிர்ந்து, மங்கலாக, எண்ணெய் வாசனையோடு இருந்தது. பேச்சுச் சத்தமே இல்லை. அரங்கநாதன் கையை வைத்தார். கல் ஐஸ்போல் இருந்தது.

ஆவி இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தார். அது அவர் கட்டிய பொய். இல்லை என்று சொல்லலாமா? சங்கிலி சத்தத்தைக் காதால் கேட்டாரே, இல்லை என்பதும் பொய்யாகிவிட்டால்? எது பொய், எது நிஜம் என்று அவருக்கே இப்போது தெரியவில்லை. மூலையில் ஏதோ நெளிந்த மாதிரி இருந்தது. விளக்குத் திரியின் நிழல்தான். அதற்குள் அவர் உடைந்துவிட்டார்.

"வேணி, நான் ஹோஸ் மாத்தல. அது கிழிஞ்சுதான் கெடக்குது. அதான் வண்டி நின்னுது. உங்க அண்ணன் நோட்டுக்குப் பயந்துக்கினு சர்வேயர் கதைய கட்டினேன். இது சத்தியம்."

"தீப்புடிச்சிருந்தா நானும்தானே எரிஞ்சிருப்பேன்" என்றாள். சத்தம் போடாமல் சொன்னதால் அது அவரை நன்றாகக் குத்தியது. வெட்கமாக இருந்தது.

"தப்புதான்."

"சரி, கைய எடுக்காதீங்க. இனிமேட்டு?"

"இனிமேட்டு ஞாயித்துக்கிழமை தவறாம உங்க அண்ணனோட உக்காந்து கேப்பேன். சத்தியம்."

வெளியே வந்ததும், சொன்னது நிஜம் என்று அவளுக்குக் காட்டப் பானெட்டைத் தூக்கினார். உள்ளே இரண்டு ஹோஸ்களும் புத்தம்புதிதாக, கறுகறுவென்று, பளபளக்கும் கிளிப்போடு இருந்தன. கிழிந்திருக்கிறது என்று இப்போதுதான் பாறையில் அடித்துச் சொல்லிவிட்டு வந்திருந்தார். இரண்டு காலையும் மாற்றி மாற்றித் தூக்கித் தரையைப் பார்த்தார்.

"பாம்பு வராதுங்க. புதன்கெழமை நீங்க கடைக்குப் போனப்பறம் பாய் வந்து மாத்திட்டுப் போனாரு. அவரு சம்சாரம் ரசியா பேகம் என்கூடத்தான் தையல் கிளாசுக்கு வருது. தீப்புடிச்சுக்கப் போவுதேன்னு பாய் சோறு தண்ணி எறங்காம கெடக்கறாருன்னு அழுவுது."

"அப்ப நான் பண்ணது பொய்ச் சத்தியம்?"

"தெரியாம சொன்னதுக்குக் குத்தமில்ல. தெரிஞ்சு பண்ண சத்தியத்தை மீறினாத்தான் ஆபத்து."

"அந்தச் சங்கிலி?"

"டிக்கியில இருக்குது. அண்ணன் வீட்டு ஊஞ்சலுக்கு வாங்கினது."

வேட்டியின் நடுவில் விழுந்த குழியைப் பற்றிக் கேட்க நினைத்தார். வண்டியை எடுத்தபோதும் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"வேணி, நெசமா சொல்லு. பின்னாடி யாரும் இல்லதானே?"

"யாரும் இல்லைங்க. எடம் காலியாத்தான் இருக்குது. அதான், திரும்பும்போது அண்ணனை ஏத்திக்கினு போயி ரெண்டு மாசம் நம்ம வீட்லயே வெச்சுக்கலாம்னு இருக்கேன்."