ஆறே முக்கால் அங்குல மூக்கு

சில வாதங்களில் தோற்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்பது பிற்பாடுதான் தெரிகிறது. ஃபோனின் திரை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று நானும் என் தம்பி ஜெரோமும் வருடக்கணக்கில் நடத்திய வாதம் அந்த ரகம்.

ஜெரோம் துபாயில் வேலை பார்க்கிறான். உள்ளங்கைக்குள் அடங்குகிற ஃபோன்தான் அவனுக்குப் பிடிக்கும். நான் தி.நகரில் கடை கடையாக ஏறி இறங்கி ஆறே முக்கால் அங்குலத் திரை வாங்கினேன். (அது நுழையாததால் புதுக் கைப்பையும் வாங்கினேன்.) ஞாயிறு பூசை முடிந்து மயிலாப்பூரில் அப்பா வீட்டுக்கு வந்ததும் வீடியோ காலில் சண்டை தொடங்கும்.

“இன்னாக்கா இது, ஃபோனா, இட்லித் தட்டா? ஒரு கைல புடிக்க முடியுமா உன்னால?”

“உன்னுதுல அப்பா முகம் கொட்டைப்பாக்கு சைஸ்லதாண்டா தெரியும்.”

“எந்த சைஸ்ல பாத்தாலும் இந்த மூக்கு தெரியும், விடுங்க” என்பார் அப்பா. அவருக்குப் பெரிய மூக்கு. அது அப்படியே எனக்கு வந்தது. அம்மாவின் அளவான மூக்கு தம்பிக்குப் போனது. (இந்த அநியாயம் பற்றிக் கடவுளிடம் தனியாகப் பேச வேண்டியிருக்கிறது.)

மே மாதத்தில் அப்பா இறந்துபோனார். விசா புதுப்பிக்கக் கொடுத்த பாஸ்போர்ட் கைக்கு வராததால் ஜெரோமால் வர முடியவில்லை. “பெட்டியை மூடறதுக்கு முன்னாடி அப்பா முகத்தை ஒரு வாட்டி நல்லா காட்டுக்கா. அது போதும்” என்றான்.

என் கணவர் தன் சின்ன ஃபோனை நீட்டினார். “பெரிய திரைன்னாதான் அவனுக்கு நல்லா தெரியும்” என்று சொல்லிவிட்டேன். அவன் பார்க்கப்போவது அவனுடைய ஃபோனில் என்பது என் மூளைக்கு எட்டவில்லை. நான் பள்ளியில் இயற்பியல் டீச்சர்.

கல்லறையில் உச்சி வெயில். இடது கையில் அம்மாவைத் தாங்கிக்கொண்டிருந்தேன். வலது கையில் ஃபோன். கேமராவைத் திருப்பும் பொத்தான் திரையின் மேல் மூலையில் இருந்தது. கட்டைவிரலை இழுத்து இழுத்து எப்படியோ தொட்டேன், திரும்பிவிட்டது என்றே நம்பினேன். வெயிலில் ஃபோன் சூடாகித் திரை மங்கிப்போனதால் ஒன்றும் தெரியவில்லை. ஜெபத்தின் நடுவே அவன் அழுவது கேட்கக் கூடாது என்று சத்தத்தையும் முழுக்கக் குறைத்திருந்தேன். பெட்டிக்கு மேலே ஃபோனை நீட்டி, குனிந்து, மூடி போடும்வரை கை அசையாமல் பிடித்திருந்தேன். அந்தத் துக்கத்திலும் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

சாயங்காலம் அவனைக் கூப்பிட்டேன். “நல்லா தெரிஞ்சுதாடா?”

“உன் மூக்குதாங்கா தெரிஞ்சுது. கடைசி வரைக்கும். திருப்பு, திருப்புன்னு கத்திக்கினே இருந்தேன். உனக்குக் கேக்கல.”

அவன் அழுதான். நானும் அழுதேன். செய்வதற்கு வேறு ஒன்றும் இல்லை. அப்பாவை அதற்குள் மண்ணுக்குள் வைத்தாகிவிட்டது. அன்றைக்குப் பட்ட வேதனை இன்னும் என்னிடம் அப்படியேதான் இருக்கிறது.

இதை முதலில் வேடிக்கையாக்கியது அம்மாதான். இப்போதும் நான் வீடியோ காலில் வந்தால், “மொதல்ல மூக்கைத் திருப்புடி” என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். நான்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிப்பேன்.

அப்பாவின் முதல் வருட நினைவுத் திருப்பலிக்கு ஜெரோம் வந்தான். கல்லறைக்குப் போய்வந்து சாப்பிட உட்கார்ந்தபோது மேஜையில் இருந்த அவன் ஃபோன் ஒளிர்ந்தது. அதில் அடக்க நாளின் கண்றாவிக் கோலத்தில் நான்: கீழிருந்து எடுத்த படம், வீங்கிய கண், முகம் முழுக்க மூக்கு.

“சனியனே, இதையா புடிச்சு வெச்சிருக்க? அழிச்சுத் தொலைடா!”

“மாட்டேங்கா. சின்ன வயசுல அப்பா கட்டில் பக்கத்துல தரையில படுத்துக்கினு அண்ணாந்து பாப்பேன்ல? இப்படித்தான் தெரியும், அவரு மூக்கு.”

ஃபோனை வாங்கிப் பார்த்தேன். சின்னத் திரைதான். அப்பா நன்றாகத் தெரிந்தார்.