மூணு டம்ளர் காபியும் ஒரு அண்டா எருமைப்பாலும்

அன்னிக்கு எனக்கு இருந்த வேலை ரொம்பச் சின்னதுங்க. குன்னூர் பஜாருக்கு எறங்கோணும். மச்சினன் பழனிச்சாமி புதுசாத் தொறக்கற காபி கிளப்புல ஒரு டம்ளர் காபி குடிக்கோணும். "நல்லாருக்கு"ன்னு ஒரு வார்த்தை சொல்லோணும். ஊட்டுக்கு வரோணும்.

இதுல என்ன கெட்டுப்போயிரும்னு கேப்பீங்க. நானும் அப்படித்தானுங்க நெனச்சேன்.

ஊருல அத்தனை பேர் இருக்க, நான் எதுக்குப் போய்க் குடிக்கோணும்? அதுக்குக் காரணம் என்னோட வாயி.

நான் எஸ்டேட் ஃபேக்டரியில தேயிலை ருசி பாக்கறவன். நாக்குதான் எனக்குச் சோறு போடுது. அந்தத் திமிருல, பஜாருல இருக்கற ஒவ்வொரு சாப்பாட்டுக் கடையப் பத்தியும் ரங்கனோட சலூன்ல உக்காந்து அபிப்பிராயம் சொல்லுவேன். யாரும் கேக்க மாட்டாங்க. அதனால என்ன, நான் சொல்லுவேன்.

ரயிலடிக்கு எதுத்தாப்பல ஒரு பழைய காபி கிளப்பு இருக்குதுங்க. அங்க சாம்பாரு வெய்யக்காலத்துல ஒரு மாதிரி, மழைக்காலத்துல ஒரு மாதிரி. கூரை ஒழுகறது நேரா அண்டாவுல எறங்குதோன்னு எனக்கு ரொம்ப நாளாச் சந்தேகம். மேட்டுத்தெரு மெஸ்ஸுல ரசம் அருமை. ஆனா பரிமாறறவரு மூஞ்சியப் பாத்தா, நாம என்னமோ அவரு காட்டுல வரப்பை வெட்டுன பங்காளின்னு தோணும். பள்ளிவாசல் தெரு காதர் பாய் கடை பிரியாணிய மட்டும் நான் குத்தம் சொன்னதில்லை. சொல்லியே தீரோணும்னுதான் ஒவ்வொரு தடவையும் போவேன். குத்தம் கண்டுபிடிக்கறதுக்குள்ள தட்டு காலியாயிரும்.

கடைகளோட நிறுத்துனாலும் பரவால்ல. ஊர் விசேஷம் ஒண்ணையும் விடறதில்லை. ஊட்டியில பூக்கண்காட்சிக்குப் போனா, கயித்துக்கு அந்தப் பக்கம் துரைசானிமாரு பூவைப் பாப்பாங்க, இந்தப் பக்கம் நின்னு நாம துரைசானிமாரு தொப்பியப் பாப்போம். தொப்பியிலயும் பூ இருக்கறதால நமக்கு ஒண்ணும் நஷ்டமில்லைன்னு சொல்லுவேன். மாரியம்மன் தேருக்கு வாணம் விட்டா மூடுபனியில ஒண்ணும் தெரியாது. அது காதுக்கு மட்டும் நடக்கற திருவிழாம்பேன். கிறிஸ்துமசுக்கு எஸ்டேட்டுல ஆளுக்கொரு துண்டு கேக்கு குடுப்பாங்க. அதைப் பத்தி நான் சொன்னது பங்களா வரைக்கும் போயி, அடுத்த வருசம் எனக்கு மட்டும் அரைத்துண்டுதான் கெடச்சுது.

பஜாரு இதையெல்லாம் கேட்டுச் சிரிக்கும். சிரிச்சுட்டு அப்படியே நம்பிரும். அதுதானுங்க வில்லங்கம். நான் தலைய ஆட்டுன கடையில கூட்டம் நிக்கும், மூஞ்சியச் சுளிச்ச கடை ஈ ஓட்டும்.

பழனிச்சாமி எஞ்சம்சாரம் மயிலாத்தாவோட தம்பி. எஸ்டேட்டுல தேயிலைச் செடிக்குக் கவாத்து வெட்டிட்டு இருந்தான். பெரிய மேஸ்திரி எல்லாரு முன்னாலயும் அவங்கம்மாவச் சேத்து வஞ்சுப்போட்டாரு. இவன் கத்தியக் கீழ போட்டுட்டு, இனி உம்மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்னு சொல்லிட்டு வந்துட்டான். வந்தவன் காபி கிளப்பு ஆரம்பிச்சான். அதுலயும், யாரு வேணா வரலாம், எந்தப் பெஞ்சுல வேணா உக்காரலாம், எல்லாருக்கும் ஒரே டம்ளர்தான்னு வெச்சான். நம்ம பஜாருல அது லேசுப்பட்ட காரியமில்லீங்க. அதுக்காகவே எனக்கு அவன் மேல தனி மரியாதை.

கடை ஓடலீன்னா, திரும்ப அதே மேஸ்திரி முன்னால போய்க் கையக் கட்டி நிக்கோணும்.

காலையில மயிலாத்தா சாமி கும்புட்டுட்டு, விபூதியோட நேரா எங்கிட்ட வந்தா.

"ஏனுங்க, இன்னிக்கு ஒரு நாளைக்கு அந்த வாயக் கட்டுங்க. காபி எப்படி இருந்தாலும் நல்லாருக்குன்னு மட்டும் சொல்லுங்க. எந்தம்பி மறுபடி அந்த மேஸ்திரிகிட்டப் போய் நின்னான்னு வைங்க, நீங்க ஃபேக்டரியிலயே பாய விரிச்சுக்குங்க."

ஃபேக்டரியில ராத்திரி எலி ஓடும்ங்க. சரின்னுட்டேன்.

வழி பூராம் பயிற்சிதான். "நல்லாருக்கு"ன்னு சொல்லிப் பாத்தேன். "ரொம்ப நல்லாருக்கு"ன்னு சொல்லிப் பாத்தேன். ரொம்பன்னு சேத்தா மச்சினனுக்காகச் சொல்றான்னு நெனச்சுக்குவாங்க, வேண்டாம். தலைய எத்தனை ஆட்டோணும்னும் ஆட்டிப் பாத்தேன். தேயிலைக் காட்டுக்கு நடுவுல தனியாத் தலையாட்டிட்டு வர்ற என்னையப் பாத்து, எதுக்க வந்த விறகுக்கார அம்மா பாதைய விட்டே எறங்கி நின்னுச்சு.

அன்னிக்கு ஞாயித்துக்கிழமை, சந்தை நாளு. எல்லா எஸ்டேட்டு ஆளுகளும் பஜாருலதான் இருந்தாங்க. புதுக்கடை முன்னால நல்ல கூட்டம். ரங்கன் சலூனைச் சாத்திட்டே வந்திருந்தான். பாதி மூஞ்சி சவரம் பண்ணுன ஒரு ஆளும் சோப்பு நொரையோட அவங்கூட நின்னுட்டிருந்தாரு. காதர் பாய் பெஞ்சு ஓரத்துல உக்காந்திருந்தாரு. பழனிச்சாமி புதுச்சட்டை போட்டு, வேர்த்து விறுவிறுத்து, "வாங்க மாமா"ன்னு கூப்புட்டான்.

இங்க ஒரு விசயம் சொல்லியாகோணும்.

தேயிலை ருசி பாக்கறதுன்னா குடிக்கறது இல்லீங்க. மேசை மேல கோப்பைகள வரிசையா வெச்சிருப்பாங்க. ஒவ்வொண்ணா எடுத்து 'சர்ர்ர்'னு உறியோணும். சத்தம் எத்தனைக்குப் பெருசோ அத்தனைக்கு ருசி தெரியும். வாய்க்குள்ள ஒரு சுத்து சுத்தி, எடதுகைப் பக்கம் நிக்கற பித்தளைப் படிக்கத்துல துப்பிரோணும். முழுங்குனா பாதி வரிசையிலயே கெறங்கிரும். துப்புன கையோட குத்தங்குறைய உரக்கச் சொல்லோணும், பக்கத்துல ரைட்டர் எழுதிக்குவாரு. கல்யாணத்துக்கு முந்தியிருந்து எனக்குத் தெனமும் காலையில இதுதான் பொழப்பு.

பழனிச்சாமி பாவம், ஆசையா ஒரு காரியம் பண்ணிப்போட்டான். மாமாவுக்கு எது புடிக்குதோ அதையே கடைக்கு வெச்சுக்கலாம்னு, வெளுப்பா ஒண்ணு, நடுவாந்தரமா ஒண்ணு, கறுப்பா ஒண்ணுன்னு மூணு டம்ளரை மேசை மேல வெச்சான்.

வரிசையா வெச்சான்.

எடதுகைப் பக்கம், முட்டி ஒசரத்துக்கு, பளபளன்னு ஒரு பித்தளை அண்டா நின்னுச்சு.

நான் என் நாக்கைத்தானுங்க காவல் காத்துட்டு இருந்தேன். கையி அது பாட்டுக்கு மொத டம்ளரை எடுத்துச்சு. 'சர்ர்ர்'னு ஒரு உறிஞ்சு. சோப்பு நொரைக்காரரு திடுக்குன்னு ரெண்டடி பின்னால போனாரு. வாய்க்குள்ள ஒரு சுத்து. எடதுபக்கம் திரும்பி, அண்டாவுல ஒரு துப்பு. ரெண்டாவது டம்ளரு. துப்பு. மூணாவது. துப்பு.

அதோட நிறுத்துனனா? நிமுந்து நின்னு, ரைட்டருக்குச் சொல்ற மாதிரி உரக்கச் சொன்னேன்.

"மொதலது வெறுந்தண்ணி. ரெண்டாவது புகை. மூணாவது கருகல், கழிச்சுரு."

எழுதிக்கற ரைட்டரைத் தேடித் திரும்புனேன், பஜாரு ஆளுகதான் நின்னாங்க. அப்பத்தான் எனக்கு நான் எங்க நிக்கறேன்னு ஞாபகம் வந்துச்சு. மெதுவாக் குனிஞ்சு அண்டாவைப் பாத்தேன். உள்ளார பால். படுகர் ஊருல இருந்து விடியக்காலமே வாங்கிட்டு வந்த எருமைப்பாலு, ஏடு கட்டி நின்னுச்சு. அன்னிக்குக் கடை பூராத்துக்கும் அதுதான் பால்.

பழனிச்சாமி என்னையத் திட்டலீங்க. திட்டியிருந்தாத் தேவலை. அண்டாவைப் பாத்தான், என்னையப் பாத்தான், எஸ்டேட்டு இருக்கற மலைப்பக்கம் பாத்தான். அங்கதானுங்க அந்த மேஸ்திரி இருக்காரு.

சரி, கெடுத்தவந்தான சரி பண்ணோணும்? கூட்டத்தைப் பாத்து, இது வேற ஒண்ணுமில்லீங்க, நல்ல சரக்கைத்தான் நாங்க துப்புவோம், துப்புறதுதான் மரியாதைன்னேன்.

ரங்கன் யோசிச்சுட்டுக் கேட்டான். "அப்ப எங்க ஊட்டுக் கல்யாணத்துல பாயசத்தை முழுசும் முழுங்குனீங்களே, அது நல்லால்லியா?"

கூட்டம் சிரிச்சுச்சு. ரெண்டு பேரு பழைய காபி கிளப்புப் பக்கமா நடக்க ஆரம்பிச்சாங்க.

பேசி ஆகாது, குடிச்சுத்தான் காட்டோணும்னு முடிவு பண்ணுனேன். மூணு டம்ளருல மிச்சமிருந்ததை மடமடன்னு முழுங்குனேன். வாயத் தொறந்து காட்டுனேன். இன்னும் கொண்டான்னேன். பாலுதான் போச்சே, பழனிச்சாமி வரக்காப்பி ஊத்திக் குடுத்தான். அதையும் குடிச்சேன். இன்னொண்ணு குடிச்சேன். கறுப்புன்னா அப்படியொரு கறுப்பு. ஒவ்வொரு டம்ளருக்கும் தலைய ஆட்டி, நல்லாருக்கு, நல்லாருக்குன்னேன்.

கொஞ்ச நேரத்துல தலை தானா ஆடுச்சு. கையும் ஆடுச்சு. அந்தக் குளுருல குப்புன்னு வேர்த்து ஊத்துச்சு, கண்ணு ரெண்டும் முழிச்சது முழிச்சபடி நின்னுருச்சு.

"அந்தாளுக்கு என்னமோ ஆகுதுப்பா"ன்னாரு சோப்பு நொரைக்காரரு.

காதர் பாய் எந்திரிச்சு வந்து எங்கையப் புடிச்சுப் பாத்தாரு. ரொம்பத் தன்மையா, "போதும் மச்சான், கடை போனாப் போகுது, ஆள் இருக்கோணுமில்ல"ன்னாரு. ஆறுதலாத்தான் சொன்னாரு. ஆனா அதைக் கேட்டுட்டு இன்னும் நாலு பேரு நடையக் கட்டிட்டாங்க. யாரோ எஸ்டேட்டு கம்பவுண்டரைக் கூப்புட ஓடுனாங்க.

அந்த நேரம் பாத்து, சர்ச்சு முடிஞ்சு துரைமாரு கிளப்புக்குப் போற வழியில, எங்க எஸ்டேட்டுத் துரை குதிரையில வந்தாரு. கூட்டம் ரோட்டை அடைச்சுட்டு நிக்குது. குதிரை நின்னுருச்சு. மேல இருந்து எட்டிப் பாத்தா, அவரோட ருசிபாக்கற ஆளு நிக்கறான். மேசை மேல, எனக்காகப் பழனிச்சாமி ஊத்தி வெச்ச வரக்காப்பி மூணு டம்ளரு இருக்குது.

வரிசையா.

பக்கத்துல பித்தளை அண்டா.

துரையும் எங்கூட அதே மேசையில நின்னு அதே வேலையச் செய்யறவருதானுங்க. எறங்குனாரு. தொப்பியக் கழட்டி ரங்கன் கையில குடுத்தாரு. ஒரு டம்ளரை எடுத்து 'சர்ர்ர்'னு இழுத்தாரு பாருங்க, குதிரையே திரும்பிப் பாத்துச்சு. வாயில ஒரு சுத்து, அண்டாவுல ஒரு துப்பு. மூணு டம்ளரும் முடிச்சாரு.

"குட் கலர்"ன்னாரு. மீசையத் தொடச்சுட்டு, "ஹை ஃபயர்ட்"ன்னாரு. தொப்பிய வாங்கிப் போட்டுட்டு, குதிரை ஏறிப் போயிட்டாரு.

அவரு போனதும் அத்தனை தலையும் எம்பக்கம் திரும்புச்சு. இங்கிலீசு தெரிஞ்ச ஆளு அங்க நான் ஒருத்தன்தான். துரை என்ன சொன்னாருன்னு ரங்கன் கேட்டான்.

பழனிச்சாமி மூஞ்சியப் பாத்தேன். மயிலாத்தா விபூதியோட நின்னது ஞாபகம் வந்துச்சு. எலியும் ஞாபகம் வந்துச்சு. காலையில இருந்து பயிற்சி பண்ணுன வார்த்தை, கடைசியா அது வேண்டிய எடத்துல வந்துச்சுங்க.

"நல்லாருக்குங்கறாரு"ன்னேன்.

அவ்வளவுதான். போனவங்க திரும்பி வந்தாங்க. காதர் பாய் தன் கடையில இருந்து பாலு குடுத்தனுப்புனாரு. ஒருத்தரு விடாம உறிஞ்சறாங்க, சுத்தறாங்க, துப்பறாங்க. நான் துப்புனா எச்சி, துரை துப்புனா நாகரிகம். துப்பறதால வயிறு நெறையறதில்லை, அதனால ஆளுக்கு நாலு டம்ளரு கேக்கறாங்க. பழனிச்சாமி ஊத்தி மாளாம நிக்கறான். எருமைப்பாலு இருந்த அண்டா அன்னியில இருந்து கடைக்கு நெரந்தரமாப் படிக்கம் ஆயிருச்சு.

இப்பக் கடைக்கு முன்னால போர்டே தொங்குது, 'துரை மெச்சிய ஹை ஃபயர் காபி'ன்னு. போன வாரம் அந்தப் பெரிய மேஸ்திரியே வந்து, எடமில்லாம வெளிய நின்னு, "ஒரு ஹை ஃபயர்"னு கேட்டு வாங்கிக் குடிச்சாராம். பழனிச்சாமி ஊட்டுக்கு வந்து சொன்னப்ப, மயிலாத்தா எனக்குச் சோத்துல இன்னொரு கரண்டி நெய்யி ஊத்துனா.

தேயிலைக்காரங்க பேச்சுல ஹை ஃபயர்ட்னா கருகல்னு நான் இன்னும் ஒருத்தருகிட்டயும் சொல்லலீங்க. நமக்கும் ஊட்டுல படுக்கோணுமில்ல.