படகுக் காட்சியை நான் வெட்டிய கதை

அந்தப் படகுக் காட்சியை ஒழித்துக்கட்டுவது என்று முடிவு செய்துவிட்டேன். ஒரு குடும்பத்தில் மூத்த மாப்பிள்ளைக்கென்று ஒரு மரியாதை உண்டு. என் மரியாதையை ஒரு வீடியோ கேசட் பல வருஷமாகத் தின்றுகொண்டிருந்தது. மனுஷன் எவ்வளவு காலம்தான் பொறுப்பான்?

விஷயம் இதுதான். கல்யாணமான புதிதில் மனைவி வீட்டாரோடு ஒரு ஏரிக்குப் போயிருந்தோம். நானும் மாமனாரும் மாமியாரும் படகில் ஏறினோம். மனைவி கரையில் நின்று கேமராவில் படம் எடுத்தாள். படகு லேசாக ஆடியது. நான் "ஐயோ, போச்சு! காப்பாத்துங்க!" என்று அலறி, மாமியாரின் மடியில் ஏறி உட்கார்ந்து, அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். அதிலென்ன தப்பு? உயிர் என்றால் எல்லோருக்கும் உயிர்தானே! ஆனால் பாழாய்ப்போன அந்தப் படத்தில் இன்னொன்றும் பளிச்சென்று தெரிகிறது. படகு அப்போது கரையில் கயிற்றால் கட்டித்தான் கிடந்தது.

மானம் கப்பலேறியது என்பார்கள். என் மானத்துக்குக் கப்பல்கூடக் கிடைக்கவில்லை. கட்டிப்போட்ட படகில் ஏறிவிட்டது.

குடும்பம் கூடும்போதெல்லாம் இந்தக் காட்சியைப் போட்டுச் சிரிப்பார்கள். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பேன். இப்போது என் மைத்துனிக்குக் கல்யாணமாகி எனக்கு ஒரு சகலை வந்துவிட்டார். அவர் வேலை என்ன தெரியுமா? நீச்சல் பயிற்சியாளர்! உலகத்தில் வேறு வேலையே இல்லையா? ஆனாலும் நல்ல பையன். என்னை "அண்ணா, அண்ணா" என்றுதான் கூப்பிடுவார். "இந்தக் குடும்பத்துல எப்படிண்ணா சமாளிக்கறீங்க?" என்று ஒருநாள் மரியாதையாகக் கேட்டார். "எதுக்கும் அசரக் கூடாது தம்பி. அதுதான் முக்கியம்" என்று சொல்லியிருந்தேன். அப்படிச் சொன்னவனை அந்தப் படகில் அவர் பார்த்துவிட்டால்?

அந்தச் சமயம் பார்த்து மாமியார் போன் செய்தார்.

"பெரிய மாப்பிள்ளை, ஞாயித்துக்கிழமை சின்ன மாப்பிள்ளையோட எல்லாருமா உங்க வீட்டுக்குச் சாப்பிட வர்றோம். அந்தப் பழைய கேசட்டைக் கடையில கொடுத்து டிவிடியில போட்டு வையுங்க. அவர் இன்னும் அந்தப் படகைப் பார்க்கவே இல்லையே..." அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. சிரிப்பில் போனைக் கீழே போட்டுவிட்டார் போலிருக்கிறது.

எனக்கு மூளையில் விளக்கெரிந்தது. கேசட்டை டிவிடி ஆக்குவது யார் கையிலோ, எதை வைப்பது, எதை வெட்டுவது என்பதும் அவர் கையில்தானே! அவர் மறுபடி போனை எடுத்ததும், "கடை எதுக்கு அத்தை? நானே போட்டுத் தர்றேன்" என்றேன்.

சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள்.

"நீங்களா?"

"ஏன், நான் போட்டா டிவிடி சுத்தாதா?"

"போன வாரம் பல்பு மாத்தச் சொன்னேன். எலக்ட்ரீசியனைக் கூப்பிடலாம்னீங்க."

"அது மின்சாரம். இது கலை."

"திடீர்னு எங்க அம்மா மேல இவ்வளவு பாசம் பொங்குதே, அதான் பார்க்கறேன்."

"பொங்கக் கூடாதா?"

"பொங்கட்டும், பொங்கட்டும். அடுப்பை மட்டும் அணைச்சிடாதீங்க" என்று உள்ளே போய்விட்டாள். என்ன அர்த்தத்தில் சொன்னாள் என்று எனக்குப் புரியவில்லை. புரியாதபடி பேசுவது அவர்கள் குடும்பத்து வழக்கம்.

கேமராவைக் கம்ப்யூட்டரோடு இணைத்துப் படத்தை உள்ளே ஏற்றினேன். அதுவரை எல்லாம் நன்றாகவே நடந்தது. ஏற்றி முடித்ததும் கேமரா கடகடவென்று ஒரு சத்தம் போட்டு, கேசட்டின் நாடாவை உருவி மென்று துப்பிவிட்டது. கேமராவைக் கட்டி முத்தமிடலாம் போலிருந்தது. இனி அந்தக் காட்சி உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது, என் கம்ப்யூட்டரில்! படகில் நான் கால் வைக்கும் இடத்தில் ஒரு வெட்டு. எல்லோரும் ஐஸ்கிரீம் சாப்பிடும் இடத்தில் இன்னொரு வெட்டு. நடுவில் இருந்ததைத் தூக்கினேன். ஏரிக்குப் போனோம், ஐஸ்கிரீம் சாப்பிட்டோம். எவ்வளவு கண்ணியமான குடும்பம்!

புது டிஸ்க் ஒன்றைச் செருகிப் பட்டனை அமுக்கினேன். திரையில் பச்சைக் கோடு ஊர்ந்தது. கடைசி முனைக்குப் போய்த் தொட்டுவிடும் நேரத்தில், டங் என்று ஒரு சத்தம். ஒரு பெட்டி முளைத்தது. அதில் என்னமோ எழுதியிருந்தது. கீழே 'ஓகே' என்று ஒரு பட்டன். அமுக்கினேன். பெட்டி போயிற்று. பச்சைக் கோடு போயிற்று. டிஸ்க்கும் போயிற்று!

"இதென்ன அக்கிரமம்!" என்று கத்தினேன். மனைவி கை துடைத்துக்கொண்டே வந்தாள்.

"என்ன ஆச்சு?"

"எரர்!"

"என்ன எரர்?"

"எரர்னா எரர்தான். அதுல என்ன வகை?"

"அந்தப் பெட்டியில என்ன எழுதியிருந்துச்சு?"

"யாருக்குத் தெரியும்? ஓகே அமுக்கிட்டேன்."

"படிக்காம எதுக்கு அமுக்கறீங்க?"

"அதுல வேற பட்டனே இல்லம்மா! எல்லாம் நாசமாப் போச்சு, சரிதானேன்னு கேட்குது. சரின்னு சொல்ல மட்டும்தான் வழி. ஏன், எனக்கு இது பிடிக்கலைன்னு ஒரு பட்டன் வச்சா என்னவாம்?"

"இந்த வீட்டுலகூடத்தான் அந்தப் பட்டன் உங்களுக்கு இல்ல. பழகிப்போச்சே" என்றாள்.

அலுவலகத்திலும் நான் இப்படித்தான். காகிதம் மேசையில் விழுவதற்கு முன்னால் கையெழுத்து விழுந்துவிடும். படித்துக்கொண்டிருந்தால் கையெழுத்துப் போட நேரம் ஏது? இதைத் திறமை என்று மேலதிகாரியே சொல்லியிருக்கிறார். இந்தத் திறமையைத்தான் கம்ப்யூட்டர் மதிக்கவில்லை.

அடுத்த டிஸ்க்கும் அதே இடத்தில் டங். அதற்கடுத்தது முழுதாக ஓடி முடிந்தது. துள்ளிக் குதித்து ஹாலில் டிவிடி பிளேயரில் போட்டேன். 'டிஸ்க் இல்லை' என்றது. கண்ணெதிரே நான் வைத்த டிஸ்க்கை இல்லை என்கிறது! திரும்பக் கம்ப்யூட்டரில் போட்டால் ஓடுகிறது. பிளேயரில் போட்டால் இல்லை. ஒரே பொருள் ஓர் அறையில் இருக்கிறது, பக்கத்து அறையில் இல்லை. இதைக் கேட்க நாதியில்லை.

என் கூச்சல் கேட்டு மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்தார். அவருக்கு எங்கள் வீட்டில் 'அப்பவே சொன்னேனே' என்று பெயர். எது நடந்தாலும் அது நடந்த பிறகு வருவார்.

"வேகத்தைக் குறைச்சு எழுதணும் சார். நான் அப்பவே சொன்னேனே!"

"எப்ப சொன்னீங்க? நான் இதை ஆரம்பிச்சதே இன்னைக்குத்தான்."

"அதோட, எழுதி முடிச்சதும் டிஸ்க்கை மூடணும் சார். மூடலைன்னா பிளேயருக்குத் தெரியாது."

"மூடிதான் இல்லையே இதுக்கு!"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, மனைவி கொடுத்த காபியைக் குடித்துவிட்டுப் போனார். வேகத்தைக் குறைத்தேன். படம் வந்தது, சத்தம் வரவில்லை. மாமனார் வாயை வாயை அசைத்தார். அவர் எப்போதும் அப்படித்தான் என்பதால் எனக்கே அது பிழை என்று தெரிய நேரமாயிற்று. இன்னொன்று போட்டேன். மறுபடி டங். ஓகே. போச்சு! வீணான டிஸ்க்குகளை மனைவி காபி டம்ளருக்கு அடியில் வைக்க ஆரம்பித்தாள். வீட்டில் டம்ளர்களைவிட டிஸ்க்குகள் அதிகமாகிவிட்டன.

சனிக்கிழமை காலையில் நான் கம்ப்யூட்டரைக் கை நீட்டி அடிக்கும் நிலைமைக்கு வந்துவிட்டேன். மனைவி என் தோளைத் தொட்டாள்.

"நான் பார்க்கட்டுமாங்க?"

நான் திரையைக் கையால் மறைத்தேன். "எதையும் தொடக் கூடாது! நான் எடிட் பண்ணி வச்சது அப்படியே இருக்கணும். நீ பட்டனை மட்டும் அமுக்கு."

"சரிங்க. நீங்க போய்க் குளிச்சுட்டு வாங்க."

அவள் அமுக்கியதும் மறுபடி டங். அவள் பெட்டியைப் படித்தாள். ஓர் எழுத்து விடாமல் படித்தாள்! "கம்ப்யூட்டர்ல இடம் இல்லைன்னு எழுதியிருக்குங்க. அவ்வளவுதான்" என்றாள். இதைச் சொல்ல அந்தச் சனியன் அத்தனை தடவை டங் போடவேண்டுமா? நேராகச் சொன்னால் என்ன? நான் கோபமாகக் குளிக்கப் போனேன்.

சோப்புப் போட்டுக்கொண்டிருக்கும்போது குரல் வந்தது. "என்னங்க, வேலை முடிஞ்சதும் கம்ப்யூட்டர்ல இருக்கறதை அழிச்சிடட்டுமா? இடம் அடைக்குதே."

அழிப்பதா! பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. அந்தக் காட்சியின் கடைசி மிச்சம் அங்கேதானே இருக்கிறது! "தாராளமா அழி!" என்று பாட்டாகவே பாடினேன்.

குளித்துவிட்டு வந்தால் டிஸ்க் தயார். ஹாலில் போட்டுப் பார்த்தேன். படம் ஓடியது, சத்தம் வந்தது. ஏரிக்காகக் காத்திருந்தேன். ஏரி வந்தது. டிக்கெட் கவுன்ட்டர் வந்தது. அடுத்து ஐஸ்கிரீம். படகு இல்லை! மாமனார் ஐஸ்கிரீமை நக்கும் அழகைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. மனைவி டிஸ்க்கை எடுத்து உறையில் போட்டு வைத்தாள். நல்ல பெண்தான். ஒன்றும் தெரியாதவள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வந்தார்கள். சகலை சோபாவில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் கால் மேல் கால் போட்டுக்கொண்டேன். மனைவி டிஸ்க்கைப் போட்டாள். ஏரி வந்தது. டிக்கெட் கவுன்ட்டர் வந்தது. "இப்ப ஐஸ்கிரீம் வரும் பாருங்க தம்பி" என்றேன்.

படகு வந்தது.

"ஐயோ, போச்சு! காப்பாத்துங்க!" என்று டிவியிலிருந்து என் குரல் வீடு முழுக்க அலறியது. நான் மாமியார் மடிக்குத் தாவினேன், டிவியில். மாமியார் இங்கே சோபாவிலிருந்து சரிந்தார். பேசவே பேசாத மாமனார் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். சகலை மட்டும் சிரிக்கவில்லை. முன்னால் குனிந்து கூர்ந்து பார்த்தார்.

"அண்ணா, படகு கட்டித்தானே இருக்கு?"

"அது... நீரோட்டம் தம்பி."

"ஏரியிலயா அண்ணா?"

அவர் ரிமோட்டை எடுத்தார். எங்கள் ரிமோட்டில் மெதுவாக ஓடவிடும் பட்டன் ஒன்று இருப்பது இத்தனை வருஷமாக எனக்கே தெரியாது. அவருக்குத் தெரிந்துவிட்டது! நான் அங்குலம் அங்குலமாகத் தாவினேன். வாய் மெல்லத் திறந்தது, இன்னும் திறந்தது, மூடவே இல்லை. பிறகு பின்னோக்கி ஓடவிட்டார். மாமியார் மடியிலிருந்து நான் பின்புறமாகப் பறந்து என் இடத்தில் போய் உட்கார்ந்தேன். அப்போதுதான் சகலை சிரித்தார். சிரித்துக்கொண்டே, "வாரத்துக்கு ரெண்டு நாள் குளத்துக்கு வாங்கண்ணா. சின்னப் பசங்க வகுப்புல சேர்த்துக்கறேன்" என்றார். இரக்கத்தோடு சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எல்லோரும் சாப்பிட எழுந்தார்கள். நான் யார் முகத்தையும் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன். மனைவியும் மாமியாரும் கடைசியாக எழுந்து, எதையோ குசுகுசுவென்று பேசிக்கொண்டு போனார்கள். ஹால் காலியானது. எனக்கு ரத்தம் கொதித்தது. என் வீடு, என் கம்ப்யூட்டர், என் முகம்! கேசட் செத்துவிட்டது. கம்ப்யூட்டரில் அழித்தாயிற்று. மிச்சம் இந்த ஒரு டிஸ்க்தான். பிளேயரைத் திறந்து அதை உருவினேன். பால்கனிக்கு ஓடினேன். இரண்டு கையாலும் வளைத்தேன். என்னைப் போல அதுவும் கொஞ்சம் வளைந்து கொடுத்தது. பிறகு படாரென்று உடைந்தது. மறுபடியும் உடைத்தேன். பல வருஷத்து அவமானம் துண்டு துண்டாகத் தரையில் கிடந்தது. நிமிர்ந்து ஒரு பெருமூச்சு விட்டேன்.

கதவருகே மனைவி கையில் துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தாள்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது! இனிமே யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்க முடியாது. நேத்து நானே போட்டுப் பார்த்தேனே, அதுல படகு இல்லையே! எப்படி வந்துச்சு? சொல்லு!"

"ரெண்டு டிஸ்க் போட்டேங்க. உங்களுக்கு ஒண்ணு, மத்தவங்களுக்கு ஒண்ணு."

"ரெண்டா? அப்ப இன்னொண்ணு எங்க?"

"அம்மா கைப்பையில" என்று அவள் குனிந்து துண்டுகளைப் பெருக்க ஆரம்பித்தாள். "எப்படியும் உடைப்பீங்கன்னு தெரியும். அதான் எல்லாரும் எழுந்ததும் பிளேயர்ல உங்களோடதை மாத்தி வச்சேன். கையில கீறிடலையே?"