மோட்டாருக்குப் போர்த்திய பொன்னாடை

தண்ணீர் குழாய் வழியாக வருகிறது என்று நம்புகிறவர்கள் உண்டு. பாவம், பாமரர்கள். பாறசாலைக்குக் கிழக்கே குருசுவிளைக் குன்றின் மக்களோ ஒரு பேருண்மையைக் கண்டடைந்தவர்கள்: தண்ணீர் 'தலைப்பு' வழியாக வருவது.

இந்த ஞானம் முதலில் வாய்த்தது ரத்னபாய்க்கு. குன்றின் அடியில் தையல்கடை வைத்திருப்பவர். ஊர்க் குடிநீர் சமிதியின் செயலாளர். வீடு வீடாக ஏறி இறங்கிப் பேசி, எல்லோரையும் பங்கு போட வைத்து, அடிவாரக் கிணற்றிலிருந்து மேலே தொட்டிக்குக் குழாய் போட வைத்தவர் அவர்தான். கோடை தொடங்கியதும் மோட்டார் புகைந்து நின்றது. பெண்கள் குடமெடுத்துக் குன்றேறினார்கள். ஏறும்போது தையல்கடையைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டுவிட்டே ஏறினார்கள். அவர்களில் லிஜி என்பவள் குடத்தோடு வழுக்கி விழுந்து கையை ஒடித்துக்கொண்ட அன்று ரத்னபாய்க்குச் சோறு இறங்கவில்லை.

மெக்கானிக் ஜெயன் மோட்டாரைத் திறந்து பார்த்தான். "அக்கா, காயில் கம்பி கருகிப்போச்சு. வேற சுத்திக் கெட்டினா ஓடும்."

சமிதியிடம் இருந்ததைக் கரண்டு பில் தின்றிருந்தது. நிதி தரும் அலுவலகத்துக்குப் போனார் ரத்னபாய்.

பொறியாளர் ஸ்ரீகுமாரி மேடம் கனிவே உருவானவர். மேசை விசிறியைத் தம் கையாலேயே ரத்னபாய் பக்கம் திருப்பி வைத்தார்.

"சேச்சி, ரிப்பேருக்குச் செலவுக் கணக்குல தலைப்பு இல்ல. எங்க பண்டு 'உள்கட்டமைப்பு'க்காக்கும்."

"மோட்டாரு உள்கட்டமைப்பு இல்லியா மேடம்?"

"ஓடினப்போ ஆயிருந்து. நின்னா அது 'பராமரிப்பு'."

"தலைப்பு இல்லேன்னா போட்டும் மேடம். எங்களுக்குத் தலை உண்டு. அதுலதானே குடம் சுமக்கியோம்."

மேடம் மனம்விட்டுச் சிரித்தார். சிரித்ததோடு விடவில்லை, புதிதாக ஒரு தொட்டியே அனுமதித்தார்.

"இருக்கிய தொட்டிக்கே குடிக்கிய வெள்ளம் ஏறல்ல. ரெண்டாவது எதுக்கு மேடம்?"

"தொட்டிக்குத் தலைப்பு உண்டு சேச்சி."

தொட்டி எழுந்தது. நீல வண்ணம், வளைவுப் படிகள், கைப்பிடிகள். உச்சியில் ஏறி நின்றால் பொழியூர்க் கடல் தெரியும் என்றார்கள். உள்ளே எட்டிப் பார்த்தால் அடித்தளம் தெரிந்தது. இரண்டுமே மனதை நிறைக்கும் காட்சிகள்.

திறப்பு விழா குறிக்கப்பட்டது. சிறப்பு விருந்தினர் குழாயைத் திருகினால் தண்ணீர் கொட்ட வேண்டுமல்லவா? விழா நாள் விடிந்ததும் நெய்யாற்றின்கரையிலிருந்து தண்ணீர் லாரிகள் வந்து தொட்டியை நிரப்பின. விருந்தினரைக் காணோம். காட்டாக்கடையில் வேறொரு 'வளர்ச்சி'யைத் திறந்துகொண்டிருந்தார்.

ரத்னபாய் தொட்டியின் நிழலில் நின்றார். மேலே தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்டது. மோட்டார் நின்ற பிறகு குன்றின்மேல் அவர் கேட்காத சத்தம். பந்தலில் லிஜி கட்டுப்போட்ட கையோடு வரவேற்புத் தட்டைப் பிடிக்க முடியாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரு மனிதர் ஒரு தடவை குழாயைத் திருகவா இத்தனை தண்ணீர்? ரத்னபாய் நேரே போய் வால்வைத் திறந்தார்.

"எல்லாரும் குடத்தை எடுத்துட்டு வாருங்க மக்கா! ஓடி வாருங்க!"

திட்ட வரலாற்றிலேயே முதன்முறையாகப் பயனாளிகள் பயனடைந்தார்கள். அண்டா, வாளி, பிரஷர் குக்கர் வரை நிறைந்தது.

மாலைகளோடு விருந்தினர் வந்து, கேமரா பார்க்கக் குழாயைத் திருகினார். 'புஸ்' என்றது. இன்னும் திருகினார். இன்னும் நீளமாகப் 'புஸ்' என்றது. பந்தலின் பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள்.

"வெள்ளம் எவிடே?" என்றார் விருந்தினர்.

"வீட்டுக்குப் போயாச்சு சாறே," என்றார் ரத்னபாய். "அதுக்குத்தானே திட்டம்?"

விருந்தினர் மாலைகளைக் கழற்றாமலே காரில் ஏறினார். ஸ்ரீகுமாரி மேடத்தின் முகம் தொட்டியின் நிறத்துக்கு வந்தது.

மறுநாளே ஜெயனுக்கு அலுவலகத்திலிருந்து அழைப்பு. அந்த வாரமே மோட்டார் ஓடியது. லிஜி வீட்டுக் குழாயில் தண்ணீர் வந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு, ரத்னபாய் நன்றி சொல்லப் போனார்.

"தலைப்பு எப்பிடி கிட்டிச்சு மேடம்?"

மேடம் குரலைத் தாழ்த்தினார். "'விழாச் செலவு', சேச்சி. மாலை, பொன்னாடை இனத்தில் எழுதியாச்சு. மறுபடி திறப்பு வைக்கணுமே. இன்னொரு தடவை மானம் போகக் கூடாதில்லியா?"

ரத்னபாய் விசிறியை மேடத்தின் பக்கமே திருப்பி வைத்துவிட்டு எழுந்தார்.

"அப்போ இத்தனை நாளும் கேடா கெடந்தது எங்க மோட்டாரு இல்ல மேடம். உங்களுக்கு நாணம் வராம கெடந்ததுதான் கேடாக்கும்."